வெளியூர் போயிருந்த முதலாளி

எங்கள் ஆபீஸைப் பம்பாய்க்கு மாற்றியபோது எனக்கு முப்பத்தாறு வயது. அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் டில்லியில் இருந்தான். மந்தைவெளியில் ஒரு மாடி போர்ஷனில் நான் மட்டும். பம்பாய்க்கு வர விருப்பமா என்று ஆபீஸில் எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுத்துக் கேட்டார்கள். டைப்பிஸ்டுகளிடம் மட்டும் கேட்கவில்லை. அந்தப் படிவங்களை டைப் அடித்தது நான்தான்.

கடைசி வாரம் ஆபீஸ் சாமான்களை விற்றார்கள். ராயப்பேட்டையிலிருந்து பழைய சாமான் வியாபாரிகள் வந்து மேஜைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருஷமாக நான் அடித்த டைப்ரைட்டரை ஒருவர் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தை ஆராய்ந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே அதை வாங்கிக்கொண்டேன். ரசீதோடு வெளியே வந்தால், வராந்தாவில் புல் வெட்டும் மிஷின் பக்கத்தில் தோட்டக்காரி குந்தியிருந்தாள்.

ஆபீஸுக்கு முன்னால் பெரிய புல்தரை ஒன்று உண்டு. பேருக்குத் தோட்டக்காரன் அவள் புருஷன். அவன் சம்பளத்தன்று மட்டும் வருவான். களை எடுப்பது, தண்ணீர் விடுவது, மிஷினைத் தள்ளுவது எல்லாம் அவள்தான். அவளுக்கும் ஏறக்குறைய என் வயது. பட்டினப்பாக்கத்தைத் தாண்டி, அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் வீடு. அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

"டைப்பம்மா, இத்தயும் எட்துக்க" என்றாள், மிஷினைக் காட்டி.

"புல் மிஷினை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"நீ ஒண்ணும் பண்ண வாணாம். நான் பண்றேன். எந்தெந்த ஆபீஸ்ல புல்லு கீதோ அங்க போய் நீ கேளு. எனுக்கு இங்கிலீஷ் தெரியாது, உனுக்குத் தெரியும். எனுக்குப் புல்லு தெரியும், உனுக்குத் தெரியாது. அவ்ளோதான்."

யோசிக்க நேரம் இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குள் ஒரு வியாபாரி மிஷினின் கைப்பிடியில் கை வைத்துவிட்டான். அவள் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் மறுபடியும் உள்ளே போய் இன்னொரு ரசீது போடச் சொன்னேன்.

டைப்ரைட்டர் மாடிக்குப் போனது, மிஷின் மாடிப்படிக்கு அடியில் நின்றது. வீட்டுக்காரர் சம்சாரம், நான் மாமி என்று கூப்பிடுகிறவள், இரண்டு நாள் மூக்கைச் சுளித்தாள். பிறகு அதன் மேலேயே புடவை உலர்த்த ஆரம்பித்தாள்.

புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாதே தவிர, டெண்டர்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் வந்த கொட்டேஷன்களை ஒப்பிட்டுப் பட்டியல் அடிப்பது என் வேலையாக இருந்தது. ஆட்கள் எதனால் தோற்கிறார்கள் என்று அந்தப் பட்டியலில் தெரியும். மாதத்துக்கு எத்தனை தடவை வெட்டுவார்கள், எரு யார் பொறுப்பு, லீவு நாளில் தண்ணீர் யார் விடுவார்கள் என்பதையெல்லாம் எழுதாமல் கீழே ஒரு தொகையை மட்டும் போட்டு அனுப்புவார்கள். அந்தத் தப்பை நான் செய்யாமலிருந்தால் போதும் என்று நினைத்தேன். கொட்டேஷன் கேட்கிற இடத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டுமே என்பது அப்போது தோன்றவில்லை.

லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் டெலிபோன் இருந்தது. கடைக்காரர் தெற்கத்திக்காரர். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் வந்து பேசிக்கொள்ள அனுமதித்தார். டைரக்டரியைப் புரட்டி, வாசலில் புல்தரை உள்ள கட்டிடங்களாக ஞாபகப்படுத்திப் பென்சிலால் புள்ளி வைத்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன்.

முதல் திங்கட்கிழமை எனக்குக் குரலே வரவில்லை. மறுமுனையில் ஆபரேட்டர் பெண் "ஹலோ, ஹலோ" என்கிறாள். எனக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வருகிறது. போனைக் கீழே வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கீரைக்காரியிடம் ஒரு கட்டு கேட்டதற்கு அப்புறம் நான் யாரிடமும் பேசியிருக்கவில்லை. கடைக்காரர் இருமல் மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டினார். "தொண்டை கட்டிருக்கு போலிருக்கு, அக்கா." ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு மத்தியானம் கிளம்புவதற்கு முன்னால், சொல்ல வேண்டியதை மாடியில் நின்று இரண்டு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.

பெரும்பாலும் ஆபரேட்டரோடு முடிந்துவிடும். "எங்களுக்கு ஆள் இருக்கு." "கடிதம் போடுங்க." "புல்லா? என்ன புல்?" சில பெண்கள் சிரிப்பார்கள். ஒருத்தி நிஜமாகவே அக்கறையோடு, "இந்த வெயில்ல ஏன் மேடம் கஷ்டப்படறீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

ஆபரேட்டரைத் தாண்டி அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தால் வேறு தொந்தரவு. "உங்க முதலாளியைப் பேசச் சொல்லுங்கம்மா" என்பார்கள். நான்தான் நடத்துகிறேன் என்று இரண்டு இடத்தில் சொன்னேன். ஒருவர், லேடீஸ் கிளப்பா என்று கேட்டார். இன்னொருவர் நன்கொடை எதுவும் தருவதற்கில்லை என்று வைத்துவிட்டார். மூன்றாவது இடம் ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி.

"முதலாளி இருக்காரா?"

"வெளியூர் போயிருக்கார் சார்" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தப் பதில் என்று எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதால் வாய் தானாகச் சொல்லிவிட்டது போலிருக்கிறது.

"எப்ப வருவார்?"

"புதன்கிழமை சார்."

"சரி, இடத்தை வந்து பாத்துட்டு ஒரு கொட்டேஷன் அனுப்பச் சொல்லுங்க."

இப்படித்தான் எங்களுக்கு முதல் இடம் கிடைத்தது. சின்னப் புல்தரை, சுற்றிலும் குரோட்டன்ஸ். கடிதத்தில் நான் என் பெயரைச் சுருக்கி, வெறும் இனிஷியலாகக் கையெழுத்துப் போட்டேன். அது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் முதலாளி இல்லாமல் எனக்குப் பேசவே வரவில்லை. அவர் கோயமுத்தூர் போனார், பெங்களூர் போனார். காலையில் ஏழு மணிக்கு மேல் புல்லுக்குத் தண்ணீர் விட்டால் அவருக்குப் பிடிக்காது. தொகையை எழுதியபின் குறைப்பது அவர் வழக்கமில்லை. பேரம் பேசுகிறவர்களிடம், "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி மறுநாள் கூப்பிட்டு, "கேட்டேன், முடியாதுன்னுட்டார்" என்பேன். என்னால் சொல்ல முடியாததையெல்லாம் அவர் சொன்னார். தோட்டக்காரிக்கு விஷயம் தெரியும். "இன்னாமா, உன் மொதலாளி இன்னும் ஊர்லேந்து வர்லியா?" என்று மிஷினைத் தள்ளிக்கொண்டே கேட்பாள்.

மாமிக்குத் தெரியாது. ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"இப்போ எங்கே வேலை பாக்கறே?"

"ஒரு தோட்டக் கம்பெனியில, மாமி."

"முதலாளி எப்படி?"

"நல்லவர். அதிகம் பேச மாட்டார்."

"அதான் நல்லது. அவராத்துல யார் யார் இருக்கா?"

"தனியாத்தான் இருக்கார் மாமி."

"அடப் பாவமே" என்றாள் மாமி.

மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்காக மாமி பட்ட பரிதாபம் அறைக்குள் வரைக்கும் என்னோடு வந்திருந்தது.

டெலிபோனில் கிடைக்காதவர்களை நேரிலும் போய்ப் பார்த்தேன். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் அப்போதுதான் பங்களா கட்டி, முன்னால் புல் போட்டிருந்தார். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் கேட்டார்: "ஏம்மா, புல்லு தன்னால மொளைக்கும். அதுக்கு ஒரு கம்பேனியா?"

"முளைக்கும். வெட்டாம விட்டா காடாயிடும்."

"வெட்டுறதுக்கு ஒரு மாட்டக் கட்டிப் போட்டா சரியாப் போச்சு. பாலும் ஆச்சுல்லா?"

கடைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் அதற்கப்புறம் காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார். அந்த வாரத்தில் யாரோடும் சேர்ந்து நான் சிரித்தது அது ஒன்றுதான்.

எட்டு மாதம் இப்படிப் போனது. இரண்டு மூன்று சின்ன இடங்கள் சேர்ந்தன. அப்போது அடையாறில் ஒரு பெரிய கம்பெனியின் விருந்தினர் மாளிகைக்கு டெண்டர் வந்தது. ஆற்றைப் பார்த்த கட்டிடம். முன்புறம் கல்யாணப் பந்தல் போடுகிற அளவுக்குப் புல்தரை, பின்புறம் ஆற்றங்கரை வரை இன்னொரு துண்டு. டெண்டர் போடுகிறவர்கள் இடத்தைப் பார்க்க ஒருநாள் குறித்திருந்தார்கள். நானும் தோட்டக்காரியும் போனபோது நான்கு காண்டிராக்டர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். போர்ட்டிகோ நிழலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவர் மட்டும், "யாருக்காக வந்திருக்கீங்க?" என்றார். "முதலாளி அனுப்பினார்" என்றேன். தலையாட்டிவிட்டு அவர்கள் பழையபடி பேச ஆரம்பித்தார்கள்.

தோட்டக்காரி புல்லின் மேல் குந்திக்கொண்டு நகர்ந்து நகர்ந்து போனாள். ஒரு கோரையைப் பிடுங்கிக் கிழங்கை நசுக்கினாள். பிறகு நேராகக் கிணற்றடிக்குப் போய் வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துத் துப்பினாள்.

"உப்பு" என்றாள். "மய வந்தா கொஞ்ச நாளு பச்சையா நிக்கும். கோடையில இந்தத் தண்ணிய வுட்டா அவ்ளோவும் கருகிப் பூடும். இவனுங்க எவனும் தண்ணிய வாயில வெச்சிப் பாக்கல பாத்தியா?"

"அப்ப நாம என்ன எழுதறது? முடியாதுன்னா?"

"எங்க குப்பத்தாண்ட ஆறு கடலாண்ட வர்ற எடத்துல ஒரு புல்லு கீது. உப்புத் தண்ணியிலயே ஊறிக்கினு பச்சையா கீது. அத்தக் கொணாந்து நட்டா நிக்கும்."

அதற்கு என்ன பெயர் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. 'உள்ளூர் உப்புத் தண்ணீரைத் தாங்கும் புல் ரகம்' என்று எழுதினேன். அவர்கள் கிணற்று நீரில் இப்போதிருக்கும் புல் ஏன் கோடையில் கருகும் என்பதையும் எழுதினேன். வாழ்க்கையில் நான் டைப் அடித்ததிலேயே நல்ல கடிதம் அதுதான். ஒரு தப்பு எழுத்துக் கிடையாது. கவரை அரக்கு வைத்து மூடி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கவர்களைத் திறந்த நாளில் எங்கள் தொகை இரண்டாவதாக நின்றது. மறுநாள் நான் போன் செய்தபோது நிர்வாக அதிகாரி சொன்னார், "உங்க லெட்டர் வித்தியாசமா இருக்கு. இதை எழுதினவர்கிட்ட பேசணும். வர்ற திங்கட்கிழமை உங்க முதலாளியை வரச் சொல்லுங்க."

"கோயமுத்தூர் போயிருக்கார் சார்."

"திங்கட்கிழமைக்குள்ள வந்துடுவாரில்ல?"

"வந்துடுவார்" என்றேன்.

அந்த மூன்று நாளும் நான் ஒரே காரியத்தைத்தான் செய்தேன். முதலாளியாக யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று யோசித்தேன். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினால் போதும், மற்றதை நான் பேசிவிடுவேன். அண்ணன் டில்லியில். பழைய ஆபீஸில் தெரிந்தவர்கள் பம்பாயில். மாமியின் வீட்டுக்காரருக்கு வாசல் வரை நடந்தால் மூச்சு வாங்கும். மருந்துக்கடைக்காரரிடம் கேட்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடை வரை போனேன். அவர் மனைவியும் குழந்தைகளும் கடைக்கு வந்திருந்தார்கள். எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "போன் பேசணுமா அக்கா?" என்றார். இல்லை, தலைவலி மாத்திரை வேண்டும் என்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். இந்த ஊரிலேயே பிறந்து முப்பத்தேழு வயதாகப் போகிறது, ஒரு மணி நேரம் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி உரிமையோடு கேட்க எனக்கு ஓர் ஆள் இல்லை. அது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அதுவரை அதை இப்படி வரிசையாகப் பெயர் சொல்லிக் கழித்துப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை தனியாகப் போனேன். அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். என் கடிதம் அவர் முன்னால் விரித்திருந்தது.

"முதலாளி வரலையா?"

"வந்திருக்கார் சார்."

அவர் கதவைப் பார்த்தார்.

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோயமுத்தூர் போயிருக்கார்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"ஏன்?"

"நான்தான்னு சொல்லியிருந்தா நீங்க போனை வெச்சிருப்பீங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "வெச்சிருப்பேன்" என்றார்.

பிறகு கடிதத்தின் கடைசியைத் தொட்டு, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப லெட்டர்ல பொய் எதுவும் இல்லை" என்றார். முன்புறத்தை எனக்குக் கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அதைக் குறைந்த தொகை போட்டவருக்கே கொடுத்தார். யார் கண்ணிலும் படாத பின்புறத் துண்டை ஆறு மாதம் எங்களிடம் விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மாமி வழக்கம்போல் விசாரித்தாள். "முதலாளி ஊர்லேர்ந்து வந்துட்டாரோ?"

"அவர் வேற ஊருக்கே போயிட்டார் மாமி. இனிமே நான்தான் பாத்துக்கணும்."

"உன்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்காரே, பெரிய மனசுதான்" என்றாள்.

மாடிப்படி ஏறும்போது புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இல்லாத ஒரு மனிதர் போனதற்கு அழுவார்களா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அடுத்த நாள் மருந்துக்கடையில் போனை எடுத்தபோது என் பின்னால் யாருமே நிற்கவில்லை என்பது போலிருந்தது. "முதலாளி இருக்காரா?" என்றார்கள். "பேசறேன்" என்றேன். சிலர் வைத்துவிட்டார்கள். சிலர் வைக்கவில்லை.

தோட்டக்காரி முகத்துவாரத்துச் சேற்றிலிருந்து அந்தப் புல்லைக் கூடை கூடையாக வெட்டி வந்தாள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொடிகொடியாக நட்டேன். இரண்டு வாரம் வைக்கோல் மாதிரி கிடந்தது. அப்புறம் கணுவுக்குக் கணு பச்சை விட்டது. நாள் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நகர்ந்துகொண்டிருப்போம். அவள் தன் பிள்ளைகளைப் பற்றி, புருஷனைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி ஓயாமல் பேசுவாள். ஐந்து மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு அவள் குப்பத்துப் பக்கம் போவாள். நான் பஸ் நிறுத்தத்துக்குப் போவேன்.

தன் கடைசிப் பெண்ணுக்குக் காது குத்து என்று கூப்பிட்டாள். ஒரு சின்ன வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு போனேன். மணலில் பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் பாயில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் பாயில் உட்காரப் போனேன். "ஐய, நீ கீய குந்தாதமா" என்று தோட்டக்காரி ஓடிவந்தாள். யார் வீட்டிலிருந்தோ ஒரு நாற்காலி வந்தது. பந்தலுக்கு நடுவில் அதைப் போட்டு என்னை உட்கார வைத்து, கையில் ஒரு சோடாவைக் கொடுத்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். குழந்தைகள் எதிரில் நின்று நான் சோடா குடிப்பதைப் பார்த்தார்கள். எல்லோர் தலைக்கும் மேலாக என் தலை இருந்தது. அவளுக்கு அன்று என்மேல் இருந்தது அன்புதான், அதில் சந்தேகமில்லை. மாடி போர்ஷனில்கூட அவ்வளவு தனியாக நான் உட்கார்ந்ததில்லை.

கோடை வந்தது. முன்புறப் புல் அவள் சொன்னபடியே கருகியது. ஒருநாள் அதிகாரி பின்புறம் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புல்லின் மேல் ஆற்றங்கரை வரை நடந்துபோய்த் திரும்பினார். மறுபடி டெண்டர் கூப்பிட்டார்கள். அதே காண்டிராக்டர்கள் வந்தார்கள். ஒருவர் தோட்டக்காரியிடம் மெல்ல, "இது என்ன புல்லு, எங்க கிடைக்குது?" என்று விசாரித்தார்.

"மொதலாளியம்மாவக் கேளு" என்று என்னைக் காட்டினாள்.

இந்தத் தடவை முன்புறமும் எங்களுக்குக் கிடைத்தது. உத்தரவுக் கடிதத்தில் என் பெயருக்கு முன்னால் 'திரு' என்று அடித்திருந்தது. பழக்க தோஷம். அந்த டைப்பிஸ்டை நான் குற்றம் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அந்தப் புல்தரையில் முதல் விருந்து வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ வந்திருந்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் போனேன். தோட்டக்காரி வர எட்டு மணியாகும். புல் முழுக்க நாற்காலிக் கால்கள் அழுந்திய குழிகள். நாலு நாலாக இருந்தன. எங்கே வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள், யார் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. ஒரு மரத்தடியில் இரண்டே நாற்காலிகள் மிக நெருக்கமாக இருந்திருக்கின்றன.

வாட்ச்மேன் டீ குடித்துக்கொண்டே வந்தான். "நேத்து செம கும்பல்மா. மணி பன்னண்டு வரைக்கும் ஒரே சிரிப்பு."

"அப்படியா" என்றேன்.

வாளியில் ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்து எடுத்துக்கொண்டு, வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு குழியாக நிரப்பி விரலால் அமுக்கிக்கொண்டே போனேன். வெயில் ஏறும்போது பாதி முடிந்திருந்தது.